ஏழுக்கு ஐந்து அங்குலம்

ஒரு குடும்ப டாக்டர் முப்பது வருஷம் பார்த்த வேலை அவர் இறந்த பிறகு எங்கே இருக்கிறது? அறுவை நிபுணரின் பெயரில் ஒரு கத்தியோ ஒரு தையலோ நின்றுவிடுகிறது. பேராசிரியருக்குப் புத்தகம் இருக்கிறது, சிஷ்யர்கள் இருக்கிறார்கள். ஒரே ஊரில், ஒரே அறையில் உட்கார்ந்து தாத்தாவின் இருமலையும் பேரனின் கக்குவானையும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு என்ன மிஞ்சுகிறது?

இதை நான் தத்துவ விசாரமாகக் கேட்கவில்லை. என் சித்தப்பா அப்படிப்பட்ட டாக்டர். மதராஸில் படித்துவிட்டு 1960களில் இங்கிலாந்து போய், ஆஸ்பத்திரிகளில் யாரும் விரும்பாத ராத்திரி வேலைகளைச் சில வருஷங்கள் பார்த்துவிட்டு, கடைசியில் தென்வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்கு ஒன்றில் தனி டாக்டராக அமர்ந்தவர். உள்ளூர் டாக்டர்கள் வரத் தயங்கிய இடங்கள் அவை. அவரைப் போல நம் பக்கத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் போனவர்கள்தான் அந்தப் பள்ளத்தாக்குகளின் வைத்தியத்தைப் பல வருஷங்கள் தாங்கினார்கள். 2019ல், அவர் போன பிறகு, வீட்டைக் காலி செய்யச் சித்திக்கு ஒத்தாசையாகப் போயிருந்தேன். தோல் பை, ஸ்டெதஸ்கோப், பெயர் பொறித்த பித்தளைப் பலகை, செருப்புப் பெட்டி நிறையக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள். இவை போக, பதினோரு நீள நோட்டுகள்.

நோட்டுகளை ஆவலோடு பிரித்தேன். அவருடைய கையெழுத்து ஒரு வரிகூட இல்லை. எல்லாம் சித்தி எழுதியது. மணி, பெயர், வீட்டு எண், இரண்டு சொல்லில் உபாதை. போன் மணி அடித்தபோதெல்லாம் எடுத்து எழுதியது.

‘அவர் எழுதினது எல்லாம் கவர்ல போச்சுப்பா. இது வெறும் போன் நோட்டு’ என்றாள் சித்தி.

அந்தக் கவர் என்ன என்று பின்னால் தேடிப் படித்தேன். தேடியபோது பிரிட்டிஷ் குடும்ப வைத்தியத்தின் ஆவணச் சரித்திரமே அந்தக் கவரைச் சுற்றி நடந்திருப்பதாகத் தோன்றியது. 1911ல் லாய்ட் ஜார்ஜ் கொண்டுவந்த தேசிய இன்ஷூரன்ஸ் சட்டத்தின்படி, 1913 முதல் சம்பளத் தொழிலாளிக்கு ஒரு டாக்டர் உண்டு என்று ஆயிற்று. டாக்டருக்கு அரசாங்கம் பணம் தந்தது. பதிலுக்குக் குறிப்பு எழுதி வைக்கச் சொன்னது. முதல் யுத்தம் முடிந்தபின் இதற்கென்று ஓர் உறை வந்தது. ஏழு அங்குலத்துக்கு ஐந்து அங்குலம். லாய்ட் ஜார்ஜ் உறை என்றே அதற்குப் பெயர். உள்ளே சிறு அட்டைகள். ஒரு மனிதனின் மேனி படும் பாடெல்லாம் அதற்குள் மடங்க வேண்டும். இடம் போதாமல் டாக்டர்கள் கையெழுத்தைச் சுருக்கினார்கள், பிறகு சொல்லைச் சுருக்கினார்கள். பார்த்தேன், அதேதான், தேவலை. அவ்வளவுதான் பல அட்டைகளில். 1948 ஜூலை 5ஆம் தேதி தேசிய சுகாதார சேவை தொடங்கும்வரை தொழிலாளியின் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு இந்த உறைகூடக் கிடையாது. கணவன் விரலை நசுக்கிக்கொண்டது அரசாங்கத்துக்குத் தெரியும். மனைவிக்கு ஆறு பிரசவம் ஆனது தெரியாது.

உறையின் விதிதான் முக்கியமானது. நோயாளி ஊர் மாறினால் உறை அலுவலகம் வழியாக அவன் பின்னாலேயே புது டாக்டரிடம் போகும். செத்தால் அலுவலகத்துக்குத் திரும்பும். பத்து வருஷம் வைத்திருந்து அழித்துவிடுவார்கள். நோயாளியின் பக்கமிருந்து பார்த்தால் இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்க முடியாது. அவன் கதை அவனோடு இருக்கிறது, அவனோடு போகிறது. டாக்டரின் பக்கமிருந்து பார்த்தால், அவர் வாழ்நாள் முழுதும் எழுதியது இரண்டாயிரம் மூவாயிரம் துண்டுகளாகக் கிழிந்து, தேசமெங்கும் சிதறி, ஒவ்வொன்றாகச் சாம்பலாகிறது. சித்தப்பா முப்பது வருஷம் எழுதினார். அவர் எழுத்தை மொத்தமாகப் பார்த்தவர்கள் யாருமில்லை, அவர் உள்பட. 2021ல் இங்கிலாந்தில் புதிய உறைகள் தருவதை நிறுத்தி, பழையவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். நூறு வருஷம் ஓடிய உறை.

அதற்கு முந்திய காலத்து டாக்டர்களைப்பற்றி மாவட்ட ஆவணக் காப்பகங்களில் என்ன இருக்கிறதென்றால், பெரும்பாலும் கணக்கு. ஆன் டிக்பி என்ற சரித்திர ஆசிரியை 1850 முதல் 1948 வரையான பிரிட்டிஷ் குடும்ப வைத்தியத்தைப்பற்றி 1999ல் எழுதிய புத்தகத்தில் இந்தக் கணக்கேடுகளும் பெரிய சாட்சி. இன்னார் வீட்டுக்கு ஒரு விஜயம், ஒரு புட்டி மருந்து, இத்தனை ஷில்லிங், பாக்கி இவ்வளவு. காய்ச்சலை யாரும் குறித்து வைக்கவில்லை. பாக்கியைக் குறித்து வைத்தார்கள். பாக்கி வர வேண்டியது என்பதால் ஏட்டைத் தூக்கி எறியவுமில்லை. நம் கோயில் கல்வெட்டுகளும் இப்படித்தானே. நெல்லும் நெய்யும் விளக்கும் இருக்கும், கும்பிட்டவன் என்ன வேண்டிக்கொண்டான் என்பது இருக்காது.

ஆகவே ஒரு குடும்ப டாக்டர் காப்பகத்தில் இடம் பெற வேண்டுமானால் உறைக்கு வெளியே தனக்கென்று இன்னொரு தடவை எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதியவர்கள் சிலபேர். ஒருவரைப் படித்து ஒருவர் எழுதியதாக அது ஒரு பரம்பரை போலவும் இருக்கிறது.

ஜேம்ஸ் மெக்கன்சி 1879ல் லங்காஷயர் நூற்பாலை ஊரான பர்ன்லிக்கு வந்தார். இதய நோயுள்ள ஓர் இளம்பெண் பிரசவத்தில் அவர் கண்முன்னே இறந்தாள். எந்த இதயம் தாங்கும், எது தாங்காது என்று அன்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. புத்தகங்களிலும் இல்லை. ஏனென்றால் புத்தகம் எழுதியவர்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள். நோயாளி அங்கே பத்து நாள் படுத்துவிட்டுப் போய்விடுவான். அப்புறம் அவன் என்ன ஆனான் என்பது தெரியாது. குடும்ப டாக்டருக்கு மட்டும்தான் இருபது வருஷம் கழித்தும் அதே ஆள் சந்தையில் எதிரே வருவான். இந்த அற்ப அனுகூலத்தை மெக்கன்சி ஆராய்ச்சியாக மாற்றினார். ஒரு கடிகாரத் தொழிலாளியின் உதவியோடு நாடியை மையில் வரையும் கருவி ஒன்றைச் செய்துகொண்டு, அதே மனிதர்களை வருஷக்கணக்காக வரைந்தார். 1902ல் நாடியைப்பற்றிய அவர் நூல் வந்தது. 1907ல் லண்டன் அவரை அழைத்துக்கொண்டது. பெரிய மனிதரானார், ஸர் பட்டம் பெற்றார். ஆனாலும் கடைசியில் ஸ்காட்லாந்துக்குத் திரும்பி, செயிண்ட் ஆண்ட்ரூஸில் ஊர் டாக்டர்களைச் சேர்த்துக்கொண்டு, நோய் நோயாக முற்றுமுன் எப்படி இருக்கிறது என்று பதிவு செய்ய ஒரு நிலையம் தொடங்கினார். அவரே நெஞ்சுவலிக்காரர். 1925ல் அதனாலேயே போனார். அவர் இதயத்தை எடுத்துச் செயிண்ட் ஆண்ட்ரூஸில் பாதுகாத்தார்கள். 1939ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் அந்த இதயத்தைப்பற்றி ஒரு கட்டுரையே வந்தது. தன் குறிப்புகளோடு தன்னையும் காப்பகத்துக்குக் கொடுத்தவர் என்று சொல்லலாம்.

மெக்கன்சியின் புத்தகத்தை 1926ல் படித்துவிட்டு விழித்துக்கொண்டவர் வில் பிக்கிள்ஸ். யார்க்‌ஷயர் மலைப்பக்கத்தில் வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில், எய்ஸ்கார்த் என்ற சின்ன ஊரின் டாக்டர். இந்தப் பரம்பரையில் எனக்கு மிகவும் பிடித்தவர் இவர்தான். 1929ல் அங்கே மஞ்சள்காமாலை பரவியது. 5,700 பேர் உள்ள வட்டாரத்தில் 250 பேருக்கு. நகரமாக இருந்தால் யார் யாரைத் தொட்டார்கள் என்று பிரம்மாவுக்கும் தெரியாது. இங்கே ஒரு பாதை, ஒரு ரயில், ஒரு திருவிழா. அந்தத் திருவிழா நாள் காலையில் ஒரு பெண்ணைப் படுக்கையில் பார்த்துவிட்டு வந்திருந்தார் பிக்கிள்ஸ். அவள் எழுந்து விழாவுக்குப் போவாள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. போனாள். அந்த ஒரு பிற்பகலைப் பிடித்துக்கொண்டு தொற்றின் கிளைகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தார். ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்கு நோய் தோன்ற 26 முதல் 35 நாள் ஆகிறது என்று சொன்னார். உலகத்தின் ஆய்வுக்கூடங்கள் சொல்ல முடியாததை, யார் யாரைப் பார்க்கப் போகிறார்கள் என்ற ஊர் வம்பைக்கொண்டு சொல்லிவிட்டார். வம்பு என்பதை நான் இழிவாகச் சொல்லவில்லை. நாவலாசிரியனுக்கும் அதுதான் மூலதனம்.

அதற்கப்புறம் தினமும் ராத்திரி கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம், ஒவ்வொரு நோய்க்கும் ஒரு நிறம் என்று குறித்துக்கொண்டே போனார்கள். ‘குறித்தார்கள்’ என்று பன்மையில் எழுதுகிறேன். டாக்டர் சொல்ல, கட்டங்களை நிரப்பியவர்கள் அவர் மனைவி கெர்ட்டியும் மகள் பேஷன்ஸும். 1939ல் வந்த அவருடைய ‘கிராம வைத்தியத்தில் தொற்றுநோயியல்’ என்ற சிறிய நூல் இந்தத் தாள்களிலிருந்து பிறந்தது. யுத்தத்தில் குண்டு விழுந்து அதன் விற்காத பிரதிகள் எரிந்துபோயின. விற்காத பிரதிகள் என்றால் என்னவென்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1949ல் மறுபடி அச்சிட்டார்கள். ஒரு மாலை குன்றின்மேல் நின்று, நிலையம் நிலையமாக நின்று வரும் ரயிலைப் பார்த்தபோது, கீழேயுள்ள கிராமங்களில் தனக்குப் பெயர் தெரியாத ஒருவர்கூட அநேகமாக இல்லை என்று அவருக்குத் தோன்றியதாம். அந்த நினைப்பில் கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் கூச்சமும் இருக்கின்றன. அந்த ரயில் 1954ல் நின்றுபோயிற்று.

எல்லாரும் பிக்கிள்ஸ் என்று நினைத்துவிடக் கூடாது. 1950ல் காலிங்ஸ் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் இங்கிலாந்தில் 55 வைத்திய நிலையங்களைப் போய்ப் பார்த்து ‘லான்ஸெட்’டில் எழுதியதைப் படித்தால் வயிற்றைப் புரட்டுகிறது. அழுக்கு, அவசரம், நோயாளியைப் படுக்கவைத்துப் பார்க்க வசதியில்லாத அறைகள், பேருக்கு எழுதிய குறிப்புகள். அந்த அவமானமும் ஒரு காரணமாக 1952ல் குடும்ப டாக்டர்கள் தமக்கென ஒரு கல்லூரியை ஸ்தாபித்துக்கொண்டார்கள். முதல் தலைவர் பிக்கிள்ஸ். ஒரு தொழில் தன்னைப்பற்றி வெட்கப்பட்ட பிறகுதான் தன் காகிதங்களைச் சேகரிக்கத் தொடங்குகிறது என்று எனக்குப் படுகிறது. சேகரிப்பவர்களும் மெல்லத்தான் வந்தார்கள். லண்டன் வெல்கம் நூலகத்தில் நிகழ்கால மருத்துவத்துக்கென்று ஒரு காப்பகப் பிரிவு தொடங்கியது 1979ல்தான்.

லண்டன் அருகே பெக்கன்ஹாமில் 1947 முதல் வைத்தியம் பார்த்த ஜான் ஃப்ரை இந்தக் குறிப்பெழுதும் வழக்கத்தை ஒரு விரதமாகவே எடுத்துக்கொண்டார். தன் நோயாளிகளின் எல்லா வியாதியையும் எண்ணிக்கொண்டே வந்தார். எண்ணி அவர் கண்டது பாதிக்குமேல் அடக்கமான செய்தி: விட்டுவிட்டால் பலது தானே போய்விடும். குழந்தைகளுக்கு டான்ஸிலை வெட்டி எடுப்பது மோஸ்தராக இருந்த 1950களில், இத்தனையும் அவசியமா என்று கேட்டார். ஒன்றும் செய்யாமல் இருந்ததற்கு அத்தாட்சி காட்ட வருஷக்கணக்கில் எழுதியிருக்க வேண்டியிருக்கிறது. இதுதான் இந்தத் தொழிலின் வினோதம். நன்றாக நடந்த வேலைக்குத் தடயமே கிடையாது. பக்கவாதம் வராமல்போன கிழவனைப்பற்றி எந்த ஏட்டில் எழுதுவது?

சித்தப்பாவின் பள்ளத்தாக்குக்கு வெகு தூரமில்லாத இன்னொரு சுரங்க ஊர் கிளின்கோரூக். அங்கே 1961 முதல் இருந்தவர் ஜூலியன் டூடர் ஹார்ட். கம்யூனிஸ்ட். யாருக்கு வைத்தியம் அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்பதை 1971ல் ஒரு விதியாகவே எழுதி வைத்தவர். ஊரில் வயதுவந்த அத்தனை பேருக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், ரத்த அழுத்தம் பார்த்துப் பதிவு செய்தார். ஆனால் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது 1987ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவர் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை. தன் கையில் வரிசையாக நடந்த 500 சாவுகளை எடுத்துக்கொண்டு, எதைத் தவிர்த்திருக்கலாம், அதில் நோயாளியின் பங்கு எவ்வளவு, ஆஸ்பத்திரியின் பங்கு எவ்வளவு, தன் பங்கு எவ்வளவு என்று பிரித்தார். செத்தவனின் உறை போய்விடுகிற ஏற்பாட்டில், தன் சாவுகளை ஒரு டாக்டர் மறந்துவிடுவது சுலபம். மறக்காமலிருக்க அவர் தனியாக முயற்சி எடுத்துக்கொள்ள வேண்டும். நம் எழுத்தாளர்களில் யாராவது தன் 500 பக்கங்களை இப்படிப் பிரித்துப் பார்த்ததுண்டா என்று கேட்க நினைத்தேன். வேண்டாம்.

இவர்கள் எல்லாரும் எண்ணியவர்கள். எண்ணாதவர்களுக்கு என்ன வழி? ஜான் பெர்ஜர் 1967ல் எழுதிய ‘ஒரு பாக்கியசாலி’யை இங்கே பலர் படித்திருப்பார்கள். ழான் மோரின் புகைப்படங்களோடு, ஸாஸல் என்று பெயர் மாற்றப்பட்ட ஒரு காட்டுப்புற டாக்டரைப்பற்றிய நூல். அந்த ஊர் மக்களின் குமாஸ்தா என்று, அவர்களுடைய வாழ்க்கையைத் தன் நினைவில் பதிந்து வைத்திருப்பவர் என்று அவரைப் பெர்ஜர் பார்த்தார். அழகான யோசனைதான். ஆனால் குமாஸ்தாவின் ஏடு குமாஸ்தாவின் தலைக்குள் இருந்தது. மனைவி இறந்த மறு வருஷம், 1982ல், அந்த டாக்டர் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். ஏடும் போயிற்று. வீட்டை நடத்தி, நோயாளிகளின் வரவு போக்கையும் கவனித்துக்கொண்டிருந்த அந்த மனைவிக்குப் பெர்ஜரின் புத்தகத்தில் அநேகமாக இடமே இல்லை. பெரிய புத்தகம் என்று இதை இன்னும் நினைக்கிறேன். அந்த இல்லாமை முதல் வாசிப்பில் எனக்கும் கண்ணில் படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எண்ணாதவர்களை ஒலிநாடாவில் பிடிக்கும் வேலை பின்னால் நடந்தது. பிரிட்டிஷ் நூலகத்திலும் வெல்கமிலும் வயதான டாக்டர்களின் பேட்டிகள் இருக்கின்றன. தெற்காசியாவிலிருந்து போன குடும்ப டாக்டர்களைப் பேட்டி கண்டு ஜூலியன் சிம்ப்ஸன் 2018ல் ஒரு நூல் எழுதினார். தேசிய சுகாதார சேவையைக் கட்டிய மேஸ்திரிகளில் இவர்களும் உண்டு என்பது அவர் வாதம். சித்தப்பாவை யாரும் பேட்டி காணவில்லை. கண்டிருந்தாலும் நாலு வார்த்தைக்குமேல் சொல்லியிருக்க மாட்டார்.

பதினோரு நோட்டுக்கு வருகிறேன். அந்தப் பக்கத்துக் காப்பகம் ஒன்றுக்குக் கொடுத்துவிடலாம் என்று சித்தியிடம் சொன்னேன். நோயாளிகள் பெயர் இருப்பதால் நூறு வருஷம்போல மூடி வைப்பார்கள், அதனால் யாருக்கும் சங்கடமில்லை என்றேன்.

‘நூறு வருஷம் கழிச்சு இதைப் பிரிச்சா என்ன தெரியும்? பேரும் நெஞ்சுவலியும்தானே’ என்றாள்.

ஒரு நோட்டை வாங்கி 1984 டிசம்பரில் ஒரு பக்கத்தைப் பிரித்தாள். சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த குளிர்காலம். ராத்திரி 2.10, ஒரு பெயர், வீட்டு எண் 14, மூச்சு. நான் படித்தால் அவ்வளவுதான். சித்தி அந்த ஒரு வரியிலிருந்து கால் மணி நேரம் பேசினாள். கூப்பிட்டவள் மருமகள், மூச்சு மாமனாருக்கு. கரி இல்லாமல் அறை சில்லிட்டுக் கிடந்தது. வேலைநிறுத்தத்தை மீறிப் போன மூத்த பிள்ளையோடு பேச்சை விட்டிருந்த கிழவர், அன்று ராத்திரி அவனைக் கூப்பிடச் சொன்னார். டாக்டர்தான் காரை எடுத்துக்கொண்டு போய் அவனை அழைத்து வந்தார். உறைக்குள் இருந்த அட்டையில் அன்று சித்தப்பா என்ன எழுதியிருப்பார்? மூச்சுக்குழல் அழற்சி, இன்ன ஊசி. பையனை அழைத்து வந்ததை எழுத அதில் கட்டமில்லை. சித்தியின் நோட்டிலும் அது இல்லை. ஆனால் சித்தியின் வரி இல்லாவிட்டால் சித்திக்கே அது ஞாபகம் வந்திருக்காது.

‘இதை யாருக்கும் குடுக்கக் கூடாது. அந்த மருமக இன்னும் இருக்கா. கடையில பார்ப்பேன்’ என்றாள். அப்புறம் சற்று யோசித்துவிட்டு, ‘எரிக்கவும் மனசு வரல்லே. நீ ஊருக்கு எடுத்துண்டு போயிடு. அங்கே இவாளை யாருக்கும் தெரியாது’ என்றாள்.

பதினோரு நோட்டும் இப்போது என் அலமாரியில், பழைய சிறுபத்திரிகைகளுக்குக் கீழே இருக்கின்றன. சித்தி பர்மிங்ஹாமில் மகளோடு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். குசலம் விசாரித்து முடிந்ததும் நான் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்து ஒரு வரியைப் படிக்கிறேன். சில சமயம் ‘யாரோ தெரியல்லேப்பா’ என்கிறாள். சில சமயம் அரை மணி பேசுகிறாள். அவள் பேசும்போது என் முன்னால் தாளும் பேனாவும் இருக்கின்றன. இதுவரை எழுதிக்கொள்ளவில்லை.